வடசென்னையில் ஒரு நாள்: பெரியவர்களோடு சுற்றிப் பார்க்க, சாப்பிட, ராத்திரி ஒரு நாடகம். நடக்குமா?

நொய்யல்கரை

வணக்கம்ங்க. ஆடிப் பதினெட்டு முடிந்ததும் ஈரோட்டிலிருந்து அம்மா, அப்பா, சித்தி மூன்று பேரும் நங்கநல்லூரில் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். மெரினா, மகாபலிபுரம், கபாலீஸ்வரர் கோயில், தி.நகர் ஜவுளிக்கடை எல்லாம் முன்பே பார்த்தாகிவிட்டது. இந்தத் தடவை சென்ட்ரலுக்கு வடக்கே கூட்டிக்கொண்டு போ, அந்தப் பக்கம் ஒரு நாளும் கால் வைத்ததில்லை என்று அப்பா சொல்கிறார். எனக்கும் பாரிமுனைக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது, கல்யாணப் பத்திரிகை வாங்க ஒரு தடவை போனதோடு சரி.

அப்பாவுக்கு நாடகப் பித்து. பவானி பக்கம் கோயில் நோன்பிக்கு விடிய விடிய வள்ளி திருமணம் பார்த்து வளர்ந்தவர், டிவியில் என்ன போட்டாலும் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவார். ராத்திரிக்கு மேடையில் ஆள் நின்று பேசுகிற ஏதாவது ஒன்று வேண்டும், அதுவும் அந்தப் பக்கமே இருந்தால் நல்லது. சித்திக்கு மூட்டு வலி, நிறையப் படி ஏற முடியாது. அம்மா சுத்த சைவம், அப்பாவும் சித்தியும் மீன் என்றால் விடமாட்டார்கள்.

காரா மெட்ரோவா, சனிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா, எங்கே ஆரம்பிப்பது என்று சொல்லுங்கள். அப்புறம் இன்னொன்று, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: இருட்டிய பிறகு குடும்பத்தோடு அந்தப் பக்கம் போகாதே என்று என் கணவருடைய ஆபீஸில் ஒருவர் சொன்னாராம். நிஜமா?

டிஎச்ரோடு தம்பி

அக்கா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எனக்குத் தூக்கம் வராது. நான் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் வீட்டுப் பெண்கள் ராத்திரி பத்து மணிக்கு எம்.சி. ரோட்டில் துணி எடுத்துக்கொண்டு நடந்துதான் வீட்டுக்கு வருகிறார்கள். சினிமாக்காரர்கள் கேமராவை எடுத்துக்கொண்டு இங்கே வந்தால் அரிவாளோடு ஓடுகிற ஆள் மட்டும்தான் அவர்கள் கண்ணில் படுவான், கேரம் கிளப்பும் ஃபுட்பால் கிரவுண்டும் படாது. 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண். அந்த ஆபீஸ்காரரிடம் இதையும் சொல்லுங்கள். கூட்டத்தில் பர்ஸைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அது தி.நகரிலும்தான்.

கார் வேண்டவே வேண்டாம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நின்றால் உங்கள் நாள் அங்கேயே முடிந்துவிடும், ஜார்ஜ் டவுனில் நிறுத்த இடம் தேடுவதற்குள் அப்பா பசியில் கத்த ஆரம்பித்துவிடுவார். உங்களுக்கு நங்கநல்லூர் ரோட்டில் ஏறினால் நீல வழித்தடம், ஒரே ரயில், எங்கும் மாற வேண்டியதில்லை. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீட்டிவிட்டார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம், ஏசி, எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட், சித்திக்கு ஒரு கஷ்டமும் இல்லை. திருவொற்றியூர் தேரடி ஸ்டேஷனில் இறங்குங்கள், கோயில் பக்கத்திலேயே.

அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும், அதுவும் காலை எட்டு மணிக்குள். தியாகராஜர் கோயில், அம்மன் வடிவுடையம்மன். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். சுந்தரர் சங்கிலியாரைக் கல்யாணம் செய்துகொண்டு, உன்னைப் பிரியமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்த கதை இந்த ஊர்க் கதைதான். அந்தச் சத்தியத்தை மீறித் திருவாரூர் கிளம்பியதும் கண் போய்விட்டது. உங்கள் அப்பா நாடகப் பிரியர் என்கிறீர்கள், இதைவிட நல்ல நாடகம் எது? மூலவர் ஆதிபுரீஸ்வரருக்கு வருடம் முழுக்கக் கவசம்தான், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் இல்லாமல் பார்க்கலாம், அந்த மூன்று நாளும் உள்ளே நுழையவே முடியாது. ஆடி வெள்ளியும் பௌர்ணமியும் தவிர்த்துவிடுங்கள். பௌர்ணமி அன்று மேலூர் திருவுடையம்மன், இந்த வடிவுடையம்மன், திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூன்று கோயிலையும் ஒரே நாளில் பார்க்கிறவர்கள் குவிந்துவிடுவார்கள். தரிசனம் முடிந்ததும் கடற்கரைப் பக்கம் பட்டினத்தார் சமாதி. சின்ன இடம்தான், ஆட்டோவில் போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

காசிமேடு பற்றி எல்லாரும் எழுதுவார்கள், நானும் எழுதிவிடுகிறேன். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள். நீங்கள் வரும்போது அது முடிந்து விசைப்படகெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும், நல்ல வரத்து இருக்கும். ஆனால் ஏலம் விடிவதற்கு முன்பே ஆரம்பித்துவிடும், தரை முழுக்கத் தண்ணீரும் செதிலும், ஞாயிறு என்றால் தோளோடு தோள் இடிக்கிற கூட்டம். மூட்டு வலி உள்ளவரை அதில் நடத்திக்கொண்டு போவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்பா மட்டும் ஆசைப்பட்டால் உங்கள் கணவரோடு ஐந்து மணிக்கெல்லாம் அனுப்புங்கள், ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு. வெள்ளை வேட்டி வேண்டாம்.

கொட்டகை ரசிகன்

அம்மா, நாடகத்தைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். தம்பி கோயிலைச் சொன்னார், நான் ராத்திரியைச் சொல்கிறேன்.

உள்ளதைச் சொன்னால், வாரக் கடைசியில் டிக்கெட் வாங்கி நாடகம் பார்க்கிற வழக்கம் இன்று தெற்கே போய்விட்டது. வாணி மஹால், நாரத கான சபா, கிருஷ்ண கான சபா எல்லாம் அங்கேதான். இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, ஏனென்றால் சென்னையில் தமிழ் நாடகம் கால் ஊன்றியதே சென்ட்ரலைச் சுற்றியும் அதற்கு வடக்கேயும்தான். சென்ட்ரல் மெட்ரோவில் இறங்கினால் ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் சிவப்புச் செங்கல் கட்டிடம் ஒன்று தெரியும், விக்டோரியா பப்ளிக் ஹால். பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் ஆரம்பித்த சுகுண விலாச சபை நாடகம் போட்ட இடம் அது. அதுவரைக்கும் நாடகம் என்றால் கூலிக்கு நடிக்கிறவர்கள் செய்வது, படித்தவன் மேடை ஏறினால் குடும்பத்துக்கே அவமானம். அந்தக் காலத்தில் வக்கீல்களும் குமாஸ்தாக்களும் சாயங்காலம் அரிதாரம் பூசிக்கொண்டு நின்றார்கள் என்றால் சும்மாவா? சம்பந்த முதலியாரே வக்கீல், பிற்பாடு ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதியாகவும் இருந்தார். விடிய விடிய நடந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கியதிலும், பாட்டைக் குறைத்து வசனத்துக்கு இடம் கொடுத்ததிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. இன்னும் கொஞ்சம் வடக்கே யானைக்கவுனிப் பக்கம் வால்டாக்ஸ் சாலையில் ஒற்றைவாடை கொட்டகை. பெரிய நாடகக் கம்பெனிகள் எல்லாம் சென்னைக்கு வந்தால் அங்கேதான் முகாம். அப்பாவிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், அவர் தலைமுறைக்குக் கேள்விப்பட்ட பெயராக இருக்கும்.

இன்றைக்கு உங்களுக்கு உள்ள வழி இரண்டு. ஒன்று, பாரிமுனையில் ராஜா அண்ணாமலை மன்றம். 1943-ல் ஆரம்பித்த தமிழ் இசைச் சங்கத்தின் அரங்கம், 1952-ல் திறந்தது. மார்கழியில் அங்கே தமிழ் இசை விழா, மற்ற நாட்களில் நாடகம், விழா, பட்டிமன்றம் என்று மாறி மாறி வரும். நீங்கள் போகிற சனி ஞாயிறில் நாடகம் இருந்தால் அதிர்ஷ்டம். நாளிதழில் இன்றைய நிகழ்ச்சிகள் என்று போடுகிற பத்தியைப் பாருங்கள், அதைவிட நல்லது முந்தின வாரமே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது. உயர் நீதிமன்றம் மெட்ரோவிலிருந்து கிட்டத்தில்தான்.

இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது. நீங்கள் வருவது ஆடி. ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொடுங்கையூர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள், பந்தல் போட்டிருப்பார்கள், அதில் சில இடத்தில் தெருக்கூத்து வைப்பார்கள். திருவள்ளூர், காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கத்து ஜமாக்கள் வந்து ஆடும். ராத்திரி பத்து மணி வாக்கில் மத்தளம் தட்ட ஆரம்பித்தால் விடிந்துதான் முடியும். உங்கள் அப்பா பார்த்து வளர்ந்தது திரை கட்டி, ஆர்மோனியப் பெட்டியை ஓரத்தில் வைத்து ஆடுகிற இசை நாடகம். இது வேறு. மேடை கிடையாது, நடுத் தெருவில்தான் ஆட்டம், மூன்று பக்கமும் ஜனங்கள். முதலில் கட்டியங்காரன் வந்து சிரிக்க வைப்பான், உள்ளூர் கவுன்சிலரைக்கூட விடமாட்டான். அப்புறம் இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்க, ராஜ வேஷக்காரன் அதற்குப் பின்னால் நின்று பாடிக்கொண்டே மெல்ல மெல்ல முகம் காட்டுவான். கிரீடமும் புஜக்கட்டையும் மரத்தில் செய்து கண்ணாடி பதித்தது, அதைப் பூட்டிக்கொண்டு அவன் கிறுகிறுவென்று சுற்றுவதைப் பார்த்தால் உங்கள் சித்தி மூட்டு வலியை மறந்துவிடுவார். முகவீணை என்கிற சின்ன ஊதுகுழலின் சத்தம் முதல் பத்து நிமிடம் காதைக் குத்தும், பிறகு அது இல்லாமல் முடியாது.

எந்தக் கோயிலில் எந்த நாள் என்று இப்போதே சொல்ல முடியாது, சுவரில் ஒட்டுகிற போஸ்டர்தான் ஆதாரம். டிஎச்ரோடு தம்பி போன்றவர்கள் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. இதே கூத்தை வடமாவட்டங்களில் சாவு வீட்டிலும் வைப்பார்கள். காரியத்துக்குக் கர்ண மோட்சம் ஆடினால் இறந்தவர் நல்ல கதி அடைவார் என்று நம்பிக்கை. அதனால் போஸ்டரில் கர்ண மோட்சம் என்று இருந்தால் எந்த வீட்டு நிகழ்ச்சி என்று விசாரித்துக்கொண்டு போங்கள்.

நொய்யல்கரை

ஐயா, இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒற்றைவாடை என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கூத்துதான் வேண்டுமாம், மன்றம் எல்லாம் அப்புறமாம். ஆனால் காலை எட்டு மணிக்குக் கோயில், ராத்திரி பத்து மணிக்குக் கூத்து என்றால் நடுவில் பதினான்கு மணி நேரம் இவர்களை எங்கே வைத்துக்கொள்வது?

மண்ணடி பாய்

நடுவில் நாங்கள் இருக்கிறோமே சகோதரி. ஜார்ஜ் டவுனை விட்டுவிட்டு வடசென்னை பார்த்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

கோயில் பதினொன்றரை, பன்னிரண்டுக்கெல்லாம் நடை சாத்திவிடும், அதற்குள் கிளம்பி ராயபுரம் வந்துவிடுங்கள். ராயபுரம் ரயில் நிலையத்தை அப்பா பார்க்க வேண்டும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி இங்கேயிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. பம்பாய்க்காரர்கள் 1853-லேயே தானேவுக்கு ரயில் விட்டார்கள், சரி, ஆனால் அவர்களுடைய அந்தப் பழைய ஸ்டேஷன் இப்போது இல்லை, எங்களுடையது தூண்களோடு நிற்கிறது. பக்கத்திலேயே ராபின்சன் பூங்கா, 1949 செப்டம்பரில் கொட்டுகிற மழையில் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் நடந்த இடம். ஈரோட்டுக்காரர்களுக்கு அதில் கொஞ்சம் உரசலும் இருக்கலாம், நான் வாயைத் திறக்கவில்லை.

மீன் சாப்பாடு ராயபுரம், கல்மண்டபம் பக்கம் எங்கே போனாலும் கிடைக்கும். போர்டைப் பார்க்காதீர்கள், மதியம் ஒரு மணிக்கு எந்தக் கடை வாசலில் மீன்பாடி வண்டிக்காரர்களும் ஹார்பர் ஆட்களும் நிற்கிறார்களோ அங்கே நுழையுங்கள். வஞ்சிரத்தை விடுங்கள், அது எல்லா ஊரிலும் கிடைக்கும். சங்கரா வறுவல், கடம்பா தொக்கு, சுறாப் புட்டு கேளுங்கள். அம்மாவுக்கு அங்கே கஷ்டம், அவருக்காக முதலில் ஒரு சைவ ஓட்டலில் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். மீன் கடையில் ஓரமாக உட்கார வைத்துத் தயிர் சாதம் கொடுக்கிற வேலை வேண்டாம்.

சாயங்காலம் அம்மாவுக்குத்தான். மின்ட் தெருவில், அதுதான் தங்கசாலைத் தெரு, நாலரை மணிக்கு நுழையுங்கள். காக்கடா ராம்பிரசாத் கடையில் சுடச்சுட ஜிலேபி, பாதாம் பால். முறுக்கு சாண்ட்விச் என்று ஒன்று சவுக்கார்பேட்டையில்தான் இந்த அளவுக்குப் பிரபலம், இரண்டு தட்டை முறுக்குக்கு நடுவில் தக்காளி வெள்ளரி சட்னி வைத்துத் தருவார்கள், எடுத்த உடனே வாயில் போட வேண்டும், பேசிக்கொண்டு நின்றால் ஊறிப் போய்விடும். ஆறு மணிக்கு மேல் என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் கடை, நெய்யில் மிதக்கிற பொடி இட்லியும் ஊத்தப்பமும். உட்கார இடம் எதிர்பார்க்காதீர்கள், நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும், சித்திக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கேட்டால் பக்கத்துக் கடைக்காரர்கள் கொடுப்பார்கள்.

நடுவில் கோயில் வேண்டுமென்றால் ராசப்ப செட்டி தெருவில் கந்தகோட்டம் இருக்கிறது, வள்ளலார் சின்ன வயதில் பாடிய முருகன். தம்பு செட்டித் தெருவில் காளிகாம்பாள், 1677-ல் சத்ரபதி சிவாஜி வந்து கும்பிட்டதாகச் சொல்வார்கள். இரண்டுமே சாயங்காலம் நடை திறந்திருக்கும். ஆர்மீனியன் தெருவில் 1772-ல் கட்டிய ஆர்மீனிய தேவாலயம், அதை மட்டும் மதியத்துக்கு முன்பே பார்க்க வேண்டும், பிறகு கதவு சாத்திவிடும். அந்தச் சந்தடியில் அப்படி ஒரு அமைதியான முற்றம் இருக்கும் என்று வெளியே நிற்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. உலகத்திலேயே முதல் ஆர்மீனியப் பத்திரிகையை 1794-ல் சென்னையிலிருந்து அச்சடித்த ஷ்மாவோனியன் என்கிற பாதிரியாரின் கல்லறையும் அங்கே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். மொத்த வியாபாரக் கடைகள் மூடியிருக்கும், தட்டுவண்டி மீன்பாடி எதுவும் காலில் ஏறாது, பெரியவர்கள் நிம்மதியாக நடக்கலாம்.

டிஎச்ரோடு தம்பி

பாய், ஞாயிறு என்கிறீர்கள், நான் சனி என்கிறேன். ஜார்ஜ் டவுன் என்றால் கடை திறந்திருக்க வேண்டும். பூக்கடைச் சத்தமும், கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் மூட்டை தூக்குகிறவர் "வழி வழி" என்று கத்துவதும் இல்லாமல் பூட்டிய ஷட்டரைப் பார்க்கவா ஈரோட்டிலிருந்து வருகிறார்கள்? அதோடு ஞாயிறு ராத்திரி முழுக்கக் கூத்துப் பார்த்துவிட்டு அக்கா வீட்டுக்காரர் திங்கட்கிழமை ஆபீஸ் போக வேண்டாமா?

அகஸ்தியா பால்கனி

எல்லாரும் வயதானவர்களை வெயிலில் நடக்க விட்டே கொல்லப் பார்க்கிறீர்கள். இரண்டு மணிக்குச் சாப்பாடு முடிந்தால் நாலரை வரை என்ன செய்வார்கள்? ஆகஸ்ட் மாத வெயில் சும்மா இல்லை. நேராகப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். என் பெயரில் இருக்கிற தியேட்டர் 1967-லிருந்து ஓடி 2020-ல் மூடிவிட்டார்கள், அந்த வயிற்றெரிச்சலை இங்கே எழுத ஆரம்பித்தால் முடியாது. மகாராணி இருக்கிறது, பாரத் இருக்கிறது, ராயபுரத்தில் ஐட்ரீம் இருக்கிறது. மாட்னி ஷோ, ஏசி. படம் நன்றாக இல்லாவிட்டால் தூங்கட்டும், ராத்திரி கண் விழிக்க வேண்டியவர்கள்தானே. படம் நன்றாக இருந்தால் விசில் சத்தத்தில் தூங்க முடியாது, அது வேறு விஷயம். அப்பாவுக்குச் சினிமா பிடிக்காது என்று தெரியும், ஆனால் மால் தியேட்டரில் வாய் மூடிப் பார்க்கிற கூட்டமும் இங்கே பார்க்கிற கூட்டமும் ஒன்றில்லை, திரையில் ஒருவன் நடித்தால் கீழே ஐம்பது பேர் சேர்ந்து நடிப்பார்கள்.

படமே வேண்டாம் என்றால் கோட்டை மியூசியம். 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய கொடியை அங்கே வைத்திருக்கிறார்கள். அடையாள அட்டை எல்லாரும் எடுத்துக்கொண்டு போங்கள், தலைமைச் செயலகம் இருக்கிற வளாகம், வாசலில் கேட்பார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை.

நொய்யல்கரை

சனிக்கிழமை என்று முடிவு செய்துவிட்டோம். என் வீட்டுக்காரர் திங்கட்கிழமையைக் கேட்டதுமே தம்பி பக்கம் சாய்ந்துவிட்டார், பாய் மன்னிக்க வேண்டும். மாட்னிக்குச் சித்தி தயார், அப்பா மியூசியம் போகிறாராம், இரண்டு கட்சியாகப் பிரிந்துகொள்கிறோம். இரண்டே சந்தேகம். பீச் ஸ்டேஷன் எதிரே பர்மாக் கடை சாப்பாடு என்று யாரோ சொன்னார்கள், அதை ஒருவரும் எழுதவில்லையே? அம்மா சாப்பிடலாமா? அப்புறம் கூத்து நடுவில் கிளம்பினால் மெட்ரோ இருக்குமா?

மண்ணடி பாய்

அத்தோவை மறந்துவிட்டேன், என்னை உதைக்க வேண்டும். பர்மாவில் 1960-களில் ராணுவ ஆட்சி வந்து கடைகளையெல்லாம் அரசாங்கமே எடுத்துக்கொண்ட பிறகு கப்பல் ஏறி வந்த நம் ஆட்கள் கொண்டுவந்த சாப்பாடு அது. ஆரஞ்சு நிற நூடுல்ஸில் முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித் தண்ணீர், மிளகாய்த் தூள், பூண்டு எண்ணெய் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள், கூடவே வாழைத்தண்டு சூப். மொய்ங்கா என்றால் அதே நூடுல்ஸைச் சூப்பில் போட்டது, மேலே பேஜோ என்கிற மொறுமொறு பொரிப்பை நொறுக்கிப் போடுவார்கள். அப்பாவுக்கு வேகவைத்த முட்டையைக் கீறி உள்ளே வெங்காயமும் புளியும் அடைத்துக் கொடுப்பார்கள், அதை வாங்கிக் கொடுங்கள். அம்மாவுக்கு முட்டை போடாத அத்தோ கிடைக்கும், ஆனால் சில கடையில் இறால் பொடி தூவுவார்கள், பிசைவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஒரே பாத்திரத்தில் எல்லாருக்கும் பிசைவதைப் பார்த்து அம்மா முகம் சுளித்தால் வற்புறுத்தாதீர்கள், அவருக்குச் சீனா பாய் போதும். சாயங்காலம்தான் கடை களை கட்டும், சனிக்கிழமைதானே வருகிறீர்கள், நல்ல கூட்டம் இருக்கும்.

கொட்டகை ரசிகன்

மெட்ரோ கடைசி வண்டி பதினொரு மணி வாக்கில். கூத்தில் அப்போதுதான் ராஜ வேஷமே வெளியே வரும். அதை நம்பிப் போகாதீர்கள், திரும்புவதற்குக் கார் சொல்லிவையுங்கள். பெண்கள் இரண்டு பேரும் பன்னிரண்டுக்குக் கிளம்பட்டும், அப்பா எழுந்து வருவாரா என்பது சந்தேகம்தான். உட்காரப் பாய் இல்லாவிட்டால் ஒரு பழைய போர்வை எடுத்துக்கொள்ளுங்கள், சித்திக்கு நாற்காலி பந்தல்காரரிடம் கேட்டால் கொடுத்துவிடுவார். மடித்த பத்து ரூபாய் நோட்டு நாலைந்து அப்பா சட்டைப் பையில் இருக்கட்டும். நன்றாக ஆடினால் ஆட்டக்காரருக்கு அன்பளிப்புக் கொடுப்பார்கள், கொடுத்தவர் பெயரைச் சபையில் சொல்லி வாழ்த்துவார்கள். ஊரையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

டிஎச்ரோடு தம்பி

புதுவண்ணாரப்பேட்டைப் பக்கம் இரண்டு கோயிலில் பந்தக்கால் நட்டிருக்கிறார்கள். கூத்தா, ஆர்கெஸ்ட்ராவா என்று இன்னும் போஸ்டர் ஒட்டவில்லை. ஒட்டியதும் இங்கேயே போட்டோ எடுத்துப் போடுகிறேன் அக்கா.